கலத்தைப் பற்றும் சிற்றுயிர்கள்

மும்பையிலோ, கொச்சியிலோ, விசாகப்பட்டினத்திலோ வாழும் நம் நேயர்கள், பழுது பார்ப்பதற்காகக் கரையேற்றப்பட்ட படகொன்றை எப்போதேனும் கண்டிருக்கக்கூடும். நீர்மட்டத்திற்கு மேலுள்ள பகுதி வண்ணப் பூச்சால் பொலிவுற்று விளங்கும். கீழ்ப் பகுதியோ பாசியும், வெண்ணிறக் கூம்புகளும், சிப்பிகளும் அடர்ந்து, கடற்பாறையொன்றைப் பெயர்த்தெடுத்து வைத்தாற்போலத் தோன்றும். பின்புறத்தே நீரைத் தள்ளிக் கலத்தை உந்தும் புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறியும் இக்கூட்டத்திற்குத் தப்புவதில்லை. பளபளக்க வேண்டிய வெண்கல இதழ்கள் சுண்ணாம்புக் கட்டிகளாய் மாறியிருக்கும்.

பார்ப்பவர்க்கு இது வெறும் அழுக்கு. ஆயினும் இவ்வழுக்கு கடற்படைகளைத் தளரச் செய்திருக்கிறது; பேரறிஞர் ஒருவரின் புகழுக்கு ஊறு விளைவித்திருக்கிறது; சிப்பி வளர்ப்போரின் பிழைப்பிலும் கைவைத்திருக்கிறது. மனிதன் இதனை எவ்வாறெல்லாம் எதிர்த்தான், அந்த எதிர்ப்பினால் விளைந்த இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதனை இப்பேச்சில் நோக்குவோம்.

முதலில் இவ்வுயிர்களின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நலம். கடல்நீரில் ஒரு பொருளை அமிழ்த்திய சில மணி நேரத்திற்குள் அதன்மேல் நுண்ணுயிர்களின் வழவழப்பான படலம் ஒன்று படர்கிறது. அடுத்துப் பாசிகள் வருகின்றன. பின்னர்க் குழாய்ப்புழுக்களும், சிப்பிகளும், கொட்டலசு எனப்படும் பார்னக்கிள்களும் வந்து சேர்கின்றன. இவற்றுள் கொட்டலசே மாலுமிகளுக்குப் பெரும் பகை. சுண்ணாம்புக் கூட்டினுள் வாழ்வதால் இதனைச் சிப்பியினம் என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். நீரில் நீந்தித் திரியும் இதன் இளம்பருவத்தை ஆராய்ந்த வாகன் தாம்சன் என்பவர், இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவான உயிர் என்று 1830ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிற்காலத்தில் பரிணாமக் கொள்கையால் உலகப் புகழ்பெற்ற சார்லஸ் டார்வின், 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இவ்வினத்தின் ஆராய்ச்சியிலேயே கழித்தார்.

கொட்டலசின் இளம்பருவத்தின் கடைசிக் கட்டம் மிக விந்தையானது. அப்போது அது உணவு கொள்வதில்லை. தங்குவதற்கேற்ற இடம் தேடுவதொன்றே அதன் தொழில். இடம் கண்டதும் தலையைக் கீழே ஊன்றி, தன் உடலினின்று சுரக்கும் பசையால் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் ஆயுள் முழுதும் தலைகீழாக நின்று, கால்களால் நீரைத் துழாவி உணவு கொள்கிறது. ஓடும் நீரில் ஊன்றுவது அதற்கு அரிது; அசையாது நிற்கும் பரப்பு அதற்கு எளிது. பயணம் செய்யும் கலத்தைவிடத் துறையில் கிடக்கும் கலத்தையே இது மிகுதியாகப் பற்றுவதற்குக் காரணம் இதுவே. கப்பலின் வடிவத்தையும் உராய்வையும் 1870களில் ஆராய்ந்த ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட், பரப்பு சொரசொரப்பானால் நீரின் தடை எவ்வளவு மிகுகிறதென்பதைச் சோதனைகளால் நிறுவினார்.

பண்டை மக்களும் இத்தடையை உணர்ந்தே இருந்தனர். காரணத்தைத்தான் வேறாகக் கருதினர். கப்பலைப் பற்றி நிறுத்தும் ஆற்றல் வாய்ந்த சிறுமீன் ஒன்று உண்டென ரோமானியர் நம்பினர். ஆக்டியம் கடற்போரில் அந்தோணியின் கலத்தை அம்மீனே தடுத்து நிறுத்திற்று என்று பிளினி எழுதிவைத்தார். சற்றே பிற்பட்ட புளூட்டார்க்கின் நூலொன்றிலோ, பாசி படிந்ததால்தான் கலத்தின் வேகம் குறைகிறது, மீன் தற்செயலாக அங்கு வந்து ஒட்டுகிறது என்ற விளக்கம் காணப்படுகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சிந்தனையாளர் சிலர் உண்மையை நெருங்கிவிட்டனர் என்று இதனால் அறிகிறோம்.

மருந்தையும் அக்காலத்தவர் தேடாமலில்லை. சைப்பிரஸ் தீவின் கைரீனியா அருகே கடலடியில் கண்டெடுக்கப்பட்ட, கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் கலத்தின் அடிப்பாகம் ஈயத் தகட்டால் போர்த்தப்பட்டிருந்தது. இந்தியக் கடற்கரைகளிலோ, சுண்ணாம்பையும் எண்ணெயையும் கலந்து அடிப்பாகத்தில் பூசும் வழக்கம் நெடுநாள் நிலவிற்று. வெப்பக் கடல்களில் வளர்ச்சி விரைவு; அங்கே மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவின் தொல்லையும் உண்டு. ஒட்டுவனவற்றால் வேகம் போகும். துளைப்பனவற்றால் கலமே போகும்.

இவ்விரண்டு தொல்லைகளுக்கும் ஒரே மருந்தாகச் செம்பு வந்தது. 1761ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை, 32 பீரங்கிகள் தாங்கிய அலார்ம் என்னும் கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகடுகளால் போர்த்தி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763இல் அக்கப்பலைச் சோதித்தபோது, புழு துளைக்கவில்லை, பாசி படரவில்லை, கொட்டலசும் ஒட்டவில்லை. அதிகாரிகள் அகமகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களைத் திடுக்கிடச் செய்த காட்சி ஒன்றும் உடன் காத்திருந்தது. செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பெரிதும் அரித்துப் போயிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புநிறத் தாள் அகற்றப்படாமல் இடையே தங்கிவிட்ட இடங்களில் மட்டும் ஆணிகள் பழுதின்றி இருந்தன. இரு வேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டால், அவற்றுள் ஒன்று அழிந்து மற்றொன்றைக் காக்கும் என்னும் உண்மையை, சாதாரணத் தாள் ஒன்று மெய்ப்பித்துவிட்டது.

இவ்வெச்சரிக்கைக்குப் பின்னும் போரின் நெருக்கடி காத்திருக்கவில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சும் ஸ்பெயினும் இங்கிலாந்துக்கு எதிராக அணிவகுத்தபோது, கப்பல்களின் எண்ணிக்கையில் குறைந்திருந்த பிரிட்டிஷ் கடற்படை வேகத்தால் அதனை ஈடுகட்ட விழைந்தது. கடற்படை நிருவாகத்தின் கண்காணிப்பாளராயிருந்த சார்லஸ் மிடில்டன் 1779 முதல் கப்பற்படை முழுவதற்கும் செப்புத் தகடு போர்த்தும் பணியை முடுக்கிவிட்டார். பின்னாளில் நெல்சனின் கப்பலாய்ப் புகழெய்திய விக்டரி 1780இல் செம்பு அணிந்தது. வேகம் கிட்டியது, ஆனால் ஆணிகள் மறைவில் அரிபட்டதால் பல கப்பல்களின் உறுதியே ஐயத்திற்கிடமாயிற்று. இரும்பை நீக்கிச் செப்புக் கலவையில் வலிய ஆணிகள் செய்யும் முறை 1780களின் நடுவில் கைவந்த பின்னரே இக்கவலை தீர்ந்தது.

இனி நாம் காணப்போகும் நிகழ்ச்சியே இவ்வரலாற்றின் உயிர்நிலை. செம்பு விரைவில் தேய்ந்துவிடுவதால் செலவு மிகுவதைக் கண்ட கடற்படையினர், 1823இல் இங்கிலாந்தின் ராயல் சங்கத்தினிடம் ஆலோசனை கேட்டனர். சங்கத்தின் அந்நாளையத் தலைவர் சர் ஹம்ப்ரி டேவி. சுரங்கத் தொழிலாளர்க்குப் பாதுகாப்பு விளக்கு அமைத்துத் தந்த அதே அறிஞர்தாம். பட்டாணியளவு துத்தநாகத்தைச் செம்போடு இணைத்தால், நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பு கடல்நீரில் தேயாமல் நிற்கிறது என்று அவர் தம் சோதனைச்சாலையில் கண்டார். அலார்ம் கப்பலில் தீங்காய் வெளிப்பட்ட அதே விதியை அவர் நன்மைக்குத் திருப்பினார்: மலிவான உலோகம் தன்னைக் கரைத்துக்கொண்டு விலைமிக்க உலோகத்தைக் காக்கட்டும் என்பதே அவர் கருத்து.

பரிசோதனைக்கு வாய்த்த கப்பல்களுள் ஒன்று சமராங். அது நம் நாட்டுக் கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1822இல் கடலில் இறங்கிய கப்பல் என்பது நமக்குச் சுவை தரும் செய்தி. 1824இல் அதன் அடிப்பாகத்தில் வார்ப்பிரும்புக் கட்டிகள் பொருத்தப்பட்டன. டேவியின் கணக்கு பொய்க்கவில்லை. செம்பு ஏறத்தாழ முழுமையாகவே காக்கப்பட்டது. ஆனால் அந்தச் செம்பின்மேல் பாசியும் கொட்டலசும் செழித்து வளர்ந்தன. காக்கப்பட்ட ஏனைய கப்பல்களிலும் இவ்வாறே நிகழ்ந்ததால், 1825ஆம் ஆண்டிலேயே கடலோடும் கப்பல்களில் இம்முறை கைவிடப்பட்டது. அறிவியல் வென்றது, ஆயினும் கப்பல் மெல்லவே நகர்ந்தது. டேவி பொதுமக்களின் ஏளனத்திற்கும் ஆளானார்.

தவறு எங்கே நேர்ந்தது? டேவியின் வேதியியலில் தவறு இல்லை. செம்பு கடல்நீரில் சிறிது சிறிதாகக் கரைகிறது. அவ்வாறு கரைந்த செம்பே சிற்றுயிர்களுக்கு நஞ்சாகிறது. தேயும் செம்புதான் தூய்மையாயிருக்கும். தேயாத செம்பு அவ்வுயிர்களுக்குப் பாறைக்கு ஒப்பான குடியிருப்பே. உலோகத்தைக் காக்கும் வழியும் உயிர்களை விலக்கும் வழியும் எதிர் எதிர்த் திசையில் செல்கின்றன என்னும் இவ்வுண்மையைச் சமராங் கப்பல் உலகிற்கு உணர்த்தியது.

பின்வந்தோர் இதனை உணர்ந்து செயலாற்றினர். 1832இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜார்ஜ் மன்ட்ஸ் என்பவர் செம்பு 60 பங்கும் துத்தநாகம் 40 பங்கும் கலந்த உலோகத்திற்குக் காப்புரிமை பெற்றார். தூய செம்பினும் விலை குறைவாகவும், உயிர்களை விலக்குமளவுக்கு மெல்லக் கரைவதாகவும் அது அமைந்தது. 1869இல் கட்டப்பட்ட கட்டி சார்க் என்னும் தேயிலைக் கப்பலின் அடிப்பாகத்தை இவ்வுலோகமே போர்த்தியிருந்தது. அக்கலம் இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை பொருத்திச் செய்யப்பட்டது. முழுதும் இரும்பாலான கப்பல்களுக்கோ அவ்வழி அடைபட்டிருந்தது. செம்பை நேரே இரும்பின்மேல் போர்த்தினால் இரும்பு அழிந்துவிடும் அன்றோ? ஆகவே செம்பின் நஞ்சைப் பூச்சில் கலந்து தடவும் முறைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின.

இக்காலத்திலேதான் சுழல்விசிறி மேடையேறுகிறது. 1838இல் கடலில் இறங்கிய ஆர்க்கிமிடிஸ் என்னும் நீராவிக் கப்பல் இதன் பயனை நாட்டிற்று. 1845இல் சுழல்விசிறி பூண்ட ராட்லர் கப்பலும், துடுப்புச் சக்கரம் பூண்ட அலெக்டோ கப்பலும் பின்புறம் பின்புறமாகக் கட்டப்பட்டு எதிரெதிரே இழுத்தபோது, ராட்லரே வென்றது. பாயும் இயந்திரமும் ஒருங்கே கொண்ட கப்பல்களில், காற்று வாய்த்தபோது இவ்விசிறி வீண்சுமையாய் நீரை இழுத்தது. ஆதலின் 1860இல் நீரில் இறங்கிய வாரியர் போன்ற போர்க்கப்பல்களில் அதனைத் தூக்கி மேலே நிறுத்தும் ஏற்பாடு இருந்தது.

இன்றைய பாய்மரப் படகுகளிலும் அதே இக்கட்டு நீடிக்கிறது. படகு பெரும்பாலும் காற்றை நம்பிச் செல்கிறது. அல்லது வாரக்கணக்கில் துறையில் கிடக்கிறது. துறைக்குள் நுழையும்போதும், காற்று ஓய்ந்தபோதும், ஆபத்து வந்தபோதும் மட்டுமே இயந்திரம் முடுக்கப்படும். ஏனைய நேரமெல்லாம் அசையாது நிற்கும் விசிறி கொட்டலசுக்கு வாய்த்த இடமாகிறது. இதழ்களின் வளைவு கெட்டால் அவை நீரைத் தள்ளும் ஆற்றல் பெரிதும் குறைந்துவிடும். இயந்திரம் முழக்கமிடும்; புகை கக்கும்; படகோ நகர மறுக்கும். நீரோட்டம் பாறையை நோக்கி இழுக்கும் வேளையில் இது நேர்ந்தால், அது உயிர்ப் பிரச்சினை. இழுவையைக் குறைக்க இதழ்களை மடக்கும் விசிறிகளும் உண்டு. கொட்டலசு அவற்றின் மூட்டுகளில் புகுந்தால் இதழ் விரியாமலே போகும்.

வெண்கலத்தில் செம்பு மிகுதியாயிற்றே, அது தன்னைத்தானே காத்துக்கொள்ளாதோ என்று நேயர்கள் வினவலாம். நல்ல வினா. படகு விசிறிகளுக்கு வழங்கும் மாங்கனீஸ் வெண்கலம் உண்மையில் துத்தநாகம் மிகுந்த பித்தளையே. காப்பின்றி விட்டால் துத்தநாகம் கரைந்துபோய், இதழ்கள் செந்நிறம் பூண்டு பொடிபடும் தன்மை அடைகின்றன. அதனைத் தடுக்கச் சுழல்தண்டில் துத்தநாகக் கட்டியொன்றைப் பூட்டுகின்றனர். கட்டி கரைகிறது, விசிறி காக்கப்படுகிறது. விசிறி காக்கப்பட்டதால் செம்பு கரைவதில்லை. செம்பு கரையாததால் கொட்டலசு குடியேறுகிறது. சமராங் கப்பலின் கதை, இரு நூற்றாண்டு கடந்தும், பாய்மரப் படகுகளின் பின்புறத்தே சிறிய அளவில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

கொடிய நஞ்சொன்றைக் கொண்டு இச்சிக்கலை அறுத்துவிடலாம் என்று இருபதாம் நூற்றாண்டு எண்ணியது. வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்ட டிரைபியூட்டைல் டின் என்னும் பொருள் 1960களில் பூச்சுகளில் இடம்பெற்று, 1970களில் உலகெங்கும் பரவிற்று. படகு உரிமையாளர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. பிரான்சின் அர்க்கஷோன் விரிகுடாவில், 1970களின் பிற்பகுதியில், சிப்பி வளர்ப்போர் பேரிடருக்குள்ளாயினர். சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்து தடித்தன. அருகில் நங்கூரமிட்டிருந்த இன்பப் படகுகளின் பூச்சே காரணம் என்று தெளிந்த பிரெஞ்சு அரசு, 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதனை 1982இல் விலக்கியது. இங்கிலாந்தின் கரையோரங்களிலோ, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து, முட்டையிடும் வழி அடைபட்டு, அவ்வினம் அருகிற்று. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு நஞ்சே இம்மாற்றத்தைத் தொடங்கப் போதுமானதாயிருந்தது. 1987இல் இங்கிலாந்தும் சிறுபடகுகளுக்குத் தடை விதித்தது. உலகளாவிய உடன்படிக்கை 2001இல் கையெழுத்தாகி, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சைபுட்ரைன் என்னும் மற்றொரு பூச்சு நஞ்சும் 2023 முதல் இவ்வுடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டது. படகோட்டியின் வசதிக்காகச் சிப்பி வளர்ப்பவன் இழப்பைச் சுமந்தான். அதனை உலகம் உணர்ந்து சட்டமாக்கக் கால் நூற்றாண்டிற்கு மேலாயிற்று.

அப்படியாயின் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. கலத்தில் ஒட்டிய உயிர்கள் கடல் கடந்து பிற நாடுகளில் இறங்குகின்றன. வெப்ப மண்டல அமெரிக்காவுக்குரிய கருவரிச் சிப்பி ஒன்று 1967இல் நம் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்டது. பின்னர் மும்பையிலும் பரவிற்று. அதே சிப்பி 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் பெருகியபோது, அரசினர் துறைகளை மூடி, நீரில் குளோரினும் மயில்துத்தமும் கொட்டி அதனை ஒழிக்க வேண்டியதாயிற்று. ஒழிப்பில் அவ்வுயிரோடு பிறவும் மடிந்தன.

பந்தயங்களிலும் இதன் வலிமை வெளிப்பட்டது. 2018இல் பிரான்சிலிருந்து தொடங்கிய கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்தில், தனியொருவராய் உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சு வீரர் வான் டென் ஹீட் 212 நாட்களில் வெற்றி கண்டார். பின்லாந்தின் டாபியோ லேஹ்டினென் அதே பயணத்தை முடிக்க 322 நாட்கள் பிடித்தன. அவர் படகின் அடியில் கொட்டலசுகள் திரளாய்த் தொங்கியதே இத்தாமதத்தின் தலையாய காரணம். நம் நாட்டின் அபிலாஷ் டோமி காயமுற்று மீட்கப்பட்டதும் இப்பந்தயத்திலேதான்.

இந்நாளில் விசிறியைக் காக்க மேற்கொள்ளப்படும் முறைகள் பலவாம். ஆட்டு ரோமத்தினின்று எடுக்கும் லானோலின் என்னும் கொழுப்பைச் சிலர் தடவுகின்றனர். மிளகாய்ப் பொடியைப் பூச்சில் கலப்போரும் உளர். அதன் பயன் ஐயத்திற்குரியது. நஞ்சு கலந்த சாதாரணப் பூச்சுகள் சுழலும் இதழ்களில் நெடுநாள் நிற்பதில்லை. நம்பிக்கையூட்டுவது, 1970களிலிருந்து ஆராயப்பட்டுவரும் சிலிக்கோன் மேற்பூச்சு. இது எவ்வுயிரையும் கொல்ல முயல்வதில்லை. வழுக்கலான மென்பரப்பில் கொட்டலசின் பசை உறுதியாகப் பற்றுவதில்லை. ஆகவே விசிறி சுழலும்போது ஒட்டியவை உதிர்ந்து விழுகின்றன. ஆனால் விசிறி சுழல வேண்டும்! மாதக்கணக்கில் அசையாது கிடக்கும் படகுக்கு இதுவும் முழு மருந்தன்று.

நம் நாட்டிலும் இத்துறையில் பணி நடந்து வருகிறது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் உலோகங்களையும் பூச்சுகளையும் கடல்நீரில் இட்டு ஆராயும் களங்களை அமைத்தது. மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் கடற்படைக்குரிய பொருள்களை ஆராயும் கூடமும் இப்பணியில் ஈடுபட்டுள்ளது.

சோழ மண்டலக் கரையின் கட்டுமரமோ இந்நோயையே அறியாதது. கடலினின்று மீண்டதும் கட்டுகளை அவிழ்த்து, மரங்களை மணலில் உலர்த்துவது பரதவர் வழக்கமாயிருந்தது. உலர்ந்த மரத்தில் கொட்டலசு வாழாது. பெரும் கலங்களை அவ்வாறு நாள்தோறும் கரையேற்ற இயலாது என்பது உண்மையே. எனினும் அவ்வழக்கத்தில் அடங்கிய நெறி எக்கலத்திற்கும் பொருந்தும். வளர்ச்சி தொடங்கும்போதே, படலம் மெல்லியதாயிருக்கும்போதே துடைத்துவிட்டால், கொல்லும் நஞ்சு தேவைப்படுவதில்லை. சுரண்டுவதற்குரிய கூடும் உருவாவதில்லை. இதற்கு வேண்டுவது விலைமிக்க பூச்சன்று; மாதந்தோறும் நீரில் இறங்கித் துணியால் துடைக்கும் ஒருவரின் உழைப்பு.

செம்பு தேய்ந்தால் கலம் தூய்மை பெறும். செம்பைக் காத்தால் கலம் தளரும். நஞ்சைப் பெருக்கினால் அயலவன் அழிவான். இம்மூன்றையும் அறிந்தபின் நாம் எதனைத் தேய விடுவது என்பதே எஞ்சிநிற்கும் வினா. கடலையும் அயலவனையும் தேய விடாமல், நம் உழைப்பில் சிறிதைச் செலவிட்டு விசிறியைத் துலக்குதலே தக்கது என்று இருநூற்றறுபது ஆண்டு வரலாறு நமக்குக் காட்டுகிறது.